தன் குலத்துப் பழமையைத் தானே எழுதிய ஓமஹா அறிஞர்

ஒரு குலத்தின் வரலாற்றை அயலார் எழுதுவதும் உண்டு. அக்குலத்திற் பிறந்தாரே எழுதுவதும் உண்டு. அயலார் எழுதியதைப் படிக்குங்கால், ‘நம்மை இவ்வாறோ கண்டார்கள்!’ என்று வியப்பும், சிற்சில இடங்களில் மனவருத்தமும் தோன்றுதல் இயல்பே. பழைய சென்ஸஸ் அறிக்கைகளிலும் ஜில்லா மானுவல்களிலும் தம் முன்னோரைப்பற்றி வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் எழுதிவைத்ததைப் புரட்டிப் பார்த்த நமது சங்கத்துப் பெரியோர் இதனை நன்கறிவர். உள்ளே பிறந்தவன் எழுதும்போது அக்குறை நீங்கும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அவனுக்கு வேறு சங்கடங்கள் உண்டு. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது என்பதை அயலான் அறியான். ஆதலின் அவன் அஞ்சான். அகத்தே பிறந்தவனோ ஒவ்வோர் அடியிலும் தன் பாட்டனார் முகத்தை நினைத்துக்கொண்டே எழுத வேண்டியவனாகிறான்.

இத்தகைய சங்கடத்தை ஐம்பது ஆண்டுகள் தாங்கி, தன் குலத்தின் பழமையையும் அதனோடு உறவுடைய மற்றொரு குலத்தின் பழமையையும் எழுதிவைத்தவர் பிரான்ஸிஸ் லா பிளெஷ் என்பவர். அமெரிக்க ஐக்கிய நாட்டின் பூர்வகுடிகளுள் ஒன்றாகிய ஓமஹா குலத்தில் 1857ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 25ந் தேதி பிறந்தார். நம் பாடப் புத்தகங்கள் இம்மக்களைச் செவ்விந்தியர் என்று எழுதுவது வழக்கம். அவர்கள் தங்களை அவ்வாறு அழைத்துக்கொண்டதில்லை. ஒவ்வொரு குலத்துக்கும் தனிப் பெயர், தனிப் பாஷை, தனி ஆசாரம் உண்டு.

ஓமஹா குலத்தார் மிஸௌரி நதியின் மேல்கரையில், இப்போது நெப்ராஸ்கா எனப்படும் நாட்டில் வாழ்ந்தவர். பெண்டிர் சோளமும் அவரையும் பூசணியும் பயிரிடுவர். ஆண்டுதோறும் கோடையில் குலம் முழுவதும் கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு காட்டெருமை வேட்டைக்கு மேற்றிசை செல்லும். 1854ஆம் ஆண்டு செய்துகொண்ட உடன்படிக்கையினால் தம் நிலத்திற் பெரும்பகுதியைத் துரைத்தனத்தாருக்கு விட்டுக்கொடுத்து, நதிக்கரையில் ஏறக்குறைய 3,00,000 ஏக்கர் நிலத்தை மாத்திரம் தமக்கென வைத்துக்கொண்டனர். அதிலும் வடபகுதியைச் சில ஆண்டுகளுக்குப்பின் வின்னிபேகோ என்னும் வேறொரு குலத்தாருக்காகக் கொடுக்க நேர்ந்தது. பிரான்ஸிஸ் பிறந்தது இந்தச் சுருங்கிய நிலத்தில்.

அவர் தந்தையார் ஜோஸப் லா பிளெஷ். பிரெஞ்சு வியாபாரி ஒருவருக்கும் பாங்கா குலத்து மாது ஒருத்திக்கும் பிறந்து, ஓமஹா தலைவர் ‘பெரிய எல்க்’ என்பவரால் சுவீகாரம் எடுக்கப்பெற்று, அவருக்குப்பின் தலைமை பெற்றவர். ‘இரும்புக் கண்’ என்று பொருள்படும் பெயர் இவருக்கு இருந்தது. வெள்ளையர் வருகையை இனித் தடுக்க இயலாது, அவர்தம் கல்வியையும் உழவையும் கற்றாலன்றிக் குலம் அழியும் என்பது இவருடைய திடமான எண்ணம். மதுவை ஊருக்குள் விடாமற் காத்தார். மரவீடுகள் கட்டச் செய்தார். பழமையில் நின்றவர்கள் அக்குடியிருப்பை ‘வெள்ளையர் வேஷம் போடுவோர் ஊர்’ என்று ஏளனம் செய்தனர். மக்களை நன்கு படிப்பித்தார். அவருடைய புதல்வி ஸூஸன் 1889ஆம் ஆண்டு வைத்தியப் பட்டம் பெற்று, அந்நாட்டுப் பூர்வகுடி மாதருள் முதல் வைத்தியர் ஆனார். மற்றொரு புதல்வி ஸூஸெட் மேடைதோறும் பேசித் தம் மக்களுக்காக வாதாடினார். ஒரே வீட்டில் இத்தனை பேர் தோன்றியது அதிசயமே; ஆயினும் நாம் இங்கே பிரான்ஸிஸைப்பற்றியே பேசப் புகுந்தோம்.

பிரான்ஸிஸுக்கு இரண்டு பள்ளிகள் வாய்த்தன. ஒன்று பிரஸ்பிட்டீரியன் பாதிரிமார் நடத்தியது. மற்றொன்று கூடாரங்களும் வேட்டையும் முதியோர் பேச்சுமாகிய பள்ளி. சிறுவயதில் குலத்துச் சமாதானச் சடங்கொன்றில் நடுநாயகமாக அமரும் குழந்தையாக அவர் இருந்திருக்கிறார். அதனால் அச்சடங்கின் பாட்டு, நடை, முகக்குறி யாவும் அவருக்குப் புத்தகத்தினால் வந்தவை அல்ல. காட்டெருமை வேட்டைகள் முடிவடைவதற்கு முன் இளைஞராய் அவற்றிற் சென்று, மந்தையைத் தேடி ஓடும் வேலையையும் செய்தார்.

பாதிரிமார் பள்ளியைப்பற்றி அவரே பிற்காலத்தில் ஒரு நூல் எழுதினார். 1900ஆம் ஆண்டு வெளிவந்த அந்நூலின் பெயர் ‘நடு ஐவர்’ என்று பொருள்படும். பள்ளியிற் சேர்ந்த ஐந்து சிறுவர் கூட்டத்தின் கதை அது. புதிதாக வரும் பிள்ளைக்குத் தாய் தந்தையர் இட்ட பெயர் நீக்கப்பட்டு ஆங்கிலப் பெயர் சூட்டப்படுவதும், சொந்தப் பாஷையிற் பேசினால் தண்டனை கிடைப்பதும், இரவில் விளக்கணைந்தபின் படுக்கையிற் கிடந்தபடியே பிள்ளைகள் தங்கள் பாஷையிற் கதை சொல்லிக்கொள்வதும் அதில் வருகின்றன. ஓரிடத்தை மாத்திரம் இங்கே சொல்லுகிறேன். பள்ளியைப் பார்க்க வந்த கனவான் ஒருவர், ‘உங்கள் ஜனங்களின் பாட்டொன்று பாடுங்கள்’ என்கிறார். பிள்ளைகள் தயங்கி, பின் ஒரு வெற்றிப் பாட்டைக் குரலெடுத்துப் பாடுகிறார்கள். கேட்ட கனவான் இது காட்டுமிராண்டித்தனம் என்றும், இவர்களுக்குச் சங்கீதம் கற்பிக்கவேண்டும் என்றும் சொல்லிவிடுகிறார். இதை எழுதியவர் கோபித்து எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி வைத்துவிட்டு அப்பால் நகர்கிறார். அவர் ஆயுள் முழுதும் அப்பாட்டுக்களை ஒவ்வொன்றாய்ச் சேர்த்ததை அறிந்தபின் இந்த இடத்தைத் திரும்பப் படித்தால் அதன் கனம் தெரியும்.

1870களில் காட்டெருமை மந்தைகள் அற்றுப்போயின. தோலுக்காகச் சுட்டுத் தள்ளினார்கள் வெள்ளை வேட்டைக்காரர். ஓமஹா குலத்தின் ஆண்டுச் சடங்குகளிற் பெரும்பாலன காட்டெருமையைச் சார்ந்தவை. நிவேதனத்துக்கு அதன் இறைச்சியும் கொழுப்பும் இன்றியமையாதவை. அவை கிட்டாதபோது சடங்கு நின்றது. சடங்கு நின்றபோது அதன் பாட்டும் மந்திரமும் அவற்றைக் காத்துவந்த சில கிழவர் நெஞ்சில் மாத்திரம் தங்கின. அக்கிழவர்களோ தம் பின்வருவோர்க்கு உபதேசிக்கும் நியாயம் இன்றி, தம்முடனே அவற்றைப் புதைத்துவிடக் கருதினர்.

1879ஆம் ஆண்டு ஒரு பெரிய வழக்கு நடந்தது. பாங்கா குலத்தார் தங்கள் நிலத்தினின்று தெற்கே துரத்தப்பட்டிருந்தனர். ‘நிற்கும் கரடி’ என்னும் பாங்கா தலைவர், இறந்துபோன தம் மகன் உடலை முன்னோர் மண்ணில் அடக்கம் செய்யவேண்டிப் பனிக்காலத்தில் வடக்கே புறப்பட்டு, வழியில் சிறைப்பட்டார். ஓமஹா நகரத்தில் நீதிபதி டன்டி, 1879 மே மாதம் 12ந் தேதி, சட்டத்தின் முன் பூர்வகுடியும் ஒரு ‘மனிதனே’ என்று தீர்ப்பளித்தார். அதுவரை அது தீர்மானிக்கப்படாத விஷயமாய் இருந்தது என்பதே நமக்கு வியப்பளிப்பது. அத்தலைவர் கிழக்குப் பட்டணங்களுக்குச் சென்று பேசியபோது ஸூஸெட் மொழிபெயர்த்தார்; தமக்கைக்குத் துணையாக பிரான்ஸிஸும் உடன் சென்றார். அப்பிரயாணத்தின் பயனாய் 1881ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரில் பூர்வகுடிகள் விவகார இலாகாவில் அவருக்கு ஒரு குமாஸ்தா வேலை கிடைத்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர் அந்த மேஜையிலேயே இருந்தார். இராக்காலத்திற் சட்டம் படித்து 1892இலும் 1893இலும் இரு பட்டங்களும் பெற்றார். பழமை ஆராய்ச்சியெல்லாம் இலாகா வேலை போக மிஞ்சிய பொழுதிலும், ரஜா நாட்களிலும் செய்தவையே.

அவருடைய ஆராய்ச்சியில் ஆலிஸ் பிளெட்சர் என்னும் வெள்ளை மாதைச் சேர்த்தே பேசவேண்டும். 1881இல் பூர்வகுடிகளைக் காணவேண்டும் என்று ஓமஹா நாட்டுக்கு வந்தவர் இந்த அம்மையார். அப்போது அம்மக்களுக்கு ஒரே அச்சம்: பாங்கா குலத்தாரைப்போலத் தங்களையும் துரைத்தனத்தார் துரத்திவிடுவரோ என்பது. பொதுவில் இருந்த நிலத்தை ஒவ்வொருவர் பெயருக்கும் பிரித்துப் பட்டயம் செய்துவிட்டால் யாரும் அசைக்க முடியாது என்று அம்மையார் கருதி, வாஷிங்டனில் வாதாடி 1882இல் அதற்கென ஒரு சட்டம் பிறப்பித்தார். மறு ஆண்டிலே அதனை நடத்தும் பொறுப்பும் அவருக்கே வந்தது, மொழிபெயர்ப்பாளர் பிரான்ஸிஸ். சுமார் 76,000 ஏக்கர் நிலம் இவ்வாறு பங்கிடப்பட்டது. கூறுபோட்டபின் என்ன நடந்தது? மேற்குப் பக்கத்து நிலம் வெள்ளைக் குடியானவர்களுக்கு விற்கப்பட்டது; பங்காகக் கிடைத்த நிலமும், பாதுகாப்புக் காலம் கழிந்ததும், வரிக்கும் கடனுக்குமாகப் பிறர் கைக்கு மாறிற்று. நல்லெண்ணம் ஒன்றே போதாது என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குத் தெரியாது. இதில் பிரான்ஸிஸுக்கும் பங்குண்டு. குலத்திலே பலர் அப்போதே எதிர்த்தனர் என்பதையும் மறைக்கலாகாது.

இந்த வேலையின் நடுவே, 1883இல், அம்மையார் கடும் வாத நோயில் விழுந்தார். வாரக்கணக்காய்ப் படுக்கை. காணவந்த ஓமஹா நண்பர்கள், கூட்டங்களிற் பாடுவதுபோல உரத்த குரலில் அன்றி, நோயாளிக்கேற்றபடி மெல்லப் பாடினார்கள். அதற்குமுன் பறையொலியும் கூச்சலுமாகவே அப்பாட்டுக்களைக் கேட்டிருந்த அம்மையாருக்கு அப்போதுதான் உள்ளே ஓர் இராகம் ஓடுவது புலனாயிற்று. எழுத ஆரம்பித்தார், பிரான்ஸிஸ் பாடிக் காட்டியும், பொருள் விளக்கியும், தவறு திருத்தியும் உதவினார். 1893ஆம் ஆண்டு ஹார்வர்ட் சர்வகலாசாலையைச் சார்ந்த பீபாடி பொருட்காட்சிசாலை ஓமஹா சங்கீதத்தைப்பற்றிய நூலை வெளியிட்டது. அதில் தொண்ணூறுக்கு மேற்பட்ட பாடல்கள் உண்டு. முகப்பில் அம்மையார் பெயரும், ‘பிரான்ஸிஸ் லா பிளெஷ் உதவியுடன்’ என்பதும் கண்டிருந்தன. ஜான் பில்மோர் என்னும் சங்கீத வித்துவான் அப்பாட்டுக்களுக்குப் பியானோவில் மேலைநாட்டுச் சுரக்கூட்டுக்களை இணைத்து அச்சிட்டார். ஒற்றை இராகமாய் ஓடும் பாட்டுக்குள் அத்தகைய கூட்டு மறைந்து கிடக்கிறது என்பது அவர் கொள்கை. பிற்கால அறிஞர் அதனை ஒப்பவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வந்த கனவானும் அன்புடன்தான் ‘சங்கீதம் கற்பிக்கவேண்டும்’ என்றார் அல்லவா?

நல்ல வேளையாக எடிஸன் கண்டுபிடித்த ஒலிப்பதிவு யந்திரம் வந்துசேர்ந்தது. 1890களின் நடுவிலிருந்து மெழுகு உருளைகளில் அப்பாட்டுக்களைப் பாடுவோர் குரலிலேயே பதியத் தொடங்கினர். பில்மோரின் சுரக்கூட்டு அவற்றில் இல்லை.

இனி, எழுதிய பொருளைச் சற்றே பார்ப்போம். ஓமஹா குலத்தில் பத்துக் கிளைகள் உண்டு. நாம் கூட்டம் என்றும் வகையறா என்றும் சொல்வது போன்றவை அவை. ஐந்து கிளைகள் ஆகாயப் பாதி; ஐந்து கிளைகள் பூமிப் பாதி. வேட்டைக்குச் செல்லுங்கால் கூடாரங்களை வட்டமாக அடிப்பர். வட்டத்தின் வாயில் கிழக்கு நோக்கியிருப்பதாகக் கொள்ளப்படும். வடபாதியில் ஆகாயத்தார், தென்பாதியில் பூமியார். ஒவ்வொரு கிளைக்கும் இடம் மாறாது. சொந்தக் கிளையிற் பெண் கொள்ளலாகாது. ஒவ்வொரு கிளைக்கும் தீண்டலாகாத, அன்றி உண்ணலாகாத ஒரு பொருள் உண்டு. சிறு பிள்ளைகளின் குடுமியைக் கிளைக்கேற்ற விதமாய்க் கத்தரிப்பர். ஒரு கிளைப் பிள்ளைக்குக் காட்டெருமையின் தலையும் வாலும் போல, வேறொரு கிளைக்கு வேறு விதமாக. பிள்ளையைத் தெருவிற் கண்ட மாத்திரத்தில் யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடலாம்.

பிள்ளை தானே நடக்கத் தெரிந்த பருவத்தில் ‘குழந்தையைத் திருப்புதல்’ என்று ஒரு சடங்கு. தாய் அழைத்துவந்து கூடார வாயிலில் நிறுத்த, பிள்ளை தன் புதுப் பாதரட்சையைக் கையிலெடுத்துக்கொண்டு தனியே உள்ளே செல்லவேண்டும். சடங்கு செய்யும் முதியவர் அதனை ஒரு கல்லின்மேல் நிறுத்தி நான்கு திசைக்கும் திருப்புவார். திசைக் காற்றுக்களும் பூமியும் நெருப்பும் சாட்சியாகக் குழந்தைப் பெயர் களையப்பட்டுக் கிளைப் பெயர் சூட்டப்படும். அன்றுதான் அது குலத்துக்குள் நுழைந்ததாகக் கணக்கு. பாதிரிமார் பள்ளியில் ஒரு நொடியில் அழிக்கப்பட்டது இவ்வளவு பாடுபட்டுச் சூட்டிய பெயர் என்பதை நேயர்கள் கருத்திற் கொள்க.

இவற்றை முன்னரே எழுத முயன்றவர் டார்ஸி என்னும் பாதிரியார். பாஷையைக் கற்றவர், உண்மையான உழைப்பாளி. 1884இல் வெளிவந்த அவர் நூலில் ஒரு விசித்திரம் உண்டு. பலரிடம் கேட்டு எழுதியதை ஜோஸப் லா பிளெஷிடமும், ‘இரு காக்கைகள்’ என்னும் மற்றொரு பெரியவரிடமும் படித்துக் காட்டினார். அவர்கள் மறுத்த இடங்களை அழித்துவிடாமல், ‘இரு காக்கைகள் இதை மறுக்கிறார்’ என்று அப்படியே அச்சிட்டுவிட்டார். பிற்கால வித்துவான்கள் இதை வைத்து வெகுநாள் விவாதித்தனர். எந்தக் குலத்தில்தான் ‘இரு காக்கைகள்’ இல்லை! நம் சங்கக் கூட்டங்களிலும் ஒருவர் வரலாறு சொல்ல மற்றொருவர் எழுந்து மறுப்பதைக் காண்கிறோம். மறுப்பையும் எழுதிவைத்த டார்ஸியின் நேர்மையை நான் போற்றுகிறேன்.

இப்போது சரித்திரத்தின் கடினமான பகுதிக்கு வருகிறோம். ஓமஹா குலத்தின் உயிர்நாடியாய் இருந்தது ஒரு மரத்தண்டம். பெயர் உமோன்ஹோன்தி, ‘மெய்யான ஓமஹா’ என்று பொருள். ‘வணக்கத்துக்குரிய முதியவர்’ என்றும் அழைப்பர். அது அவர்களுக்குப் பொருளன்று, ஓர் ஆள். முன்னொரு காலத்தில் குலம் சிதறி அழிந்துவிடாமல் ஒன்றாய்க் காப்பது எவ்வாறு என்று பெரியோர் கூடி ஆலோசித்துக்கொண்டிருந்தபோது, தலைவன் மகன் ஒருவன் காட்டில் வழி தப்பி, இருளில் எரிந்தும் வேகாத ஒரு மரத்தைக் கண்டான். இடியின் பறவைகள் வந்து தங்கும் மரம் அது. நாற்றிசையினின்றும் விலங்குகள் அதனிடம் வந்துபோன தடம் இருந்தது. பெரியோர் அம்மரத்தை வெட்டிக்கொணர்ந்து, மனித உருவாகப் பாவித்து, குல ஒற்றுமைக்கு நடுவில் நிறுத்தினர். ஆண்டுதோறும் கோடை வேட்டையின் முடிவில் காட்டெருமைக் கொழுப்பும் செம்மண்ணும் குழைத்து அதற்கு அபிஷேகம் நடக்கும். 1870களில் அந்த அபிஷேகம் நின்றுபோயிற்று.

அதன் கடைசிக் காவலர் ‘மஞ்சட் புகை’ என்னும் முதியவர். தண்டம் தம்முடன் புதைபடவேண்டும் என்பது அவர் கருத்து. பிரான்ஸிஸ் அவரிடம் சென்று, கந்தற் கூடாரத்தில் இருக்கும் முதியவர் கிழக்கே பெரிய செங்கல் மாளிகையில் வசிக்கலாமே என்று மெல்லப் பேச்சைத் தொடங்கினார். கிழவர் உடனே இசையவில்லை, மறுத்துவிடவும் இல்லை. 1888ஆம் ஆண்டு தண்டம் பீபாடி காட்சிசாலைக்கு அனுப்பப்பட்டது.

பொருள் போனால் போதுமா, அதன் கதை வேண்டாமா? அதைச் சொல்லக் கிழவர் அஞ்சினார். உரிமையில்லாத இடத்தில், உரிமையில்லாத காலத்தில் அதனை வெளியிடுவோர்க்குத் தெய்வ தண்டனை உண்டு. பிரான்ஸிஸின் தந்தையார் ஜோஸப், ‘வரும் தண்டனையை நான் ஏற்கிறேன், சொல்லுங்கள்’ என்றார். ஜோஸப்பின் வீட்டு அறையில் அமர்ந்து முதியவர் கதையைச் சொன்னார். பதினைந்து நாளைக்குள், அதே அறையில், ஜோஸப் உயிர் துறந்தார்.

பிரான்ஸிஸும் அம்மையாரும் இதனைத் தங்கள் நூலில் ஒளிக்காமல் எழுதியிருக்கின்றனர். காரணம் கற்பிக்கவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. மகன் ஒருவன், தன் தந்தை தன் ஆராய்ச்சிக்காக ஒரு சாபத்தைத் தலைமேல் ஏற்றுக்கொண்டு இறந்தார் என்று குலத்தார் முணுமுணுப்பதைக் கேட்டுக்கொண்டு, மேலும் நாற்பது ஆண்டுகள் அதே ஆராய்ச்சியைச் செய்தான் என்றால், அவன் உள்ளம் என்ன பட்டிருக்கும்? அதைப்பற்றி அவர் ஒரு வரியும் எழுதிவைக்கவில்லை என்பதே எனக்கு மிகுந்த மரியாதையைத் தருகிறது. ஆனால் அவர் செய்தது சரியா என்ற கேள்வி அதனால் மறைந்துவிடாது. தண்டத்தை அனுப்பியது காத்ததா, பிரித்ததா? இரண்டுமே என்பது என் எண்ணம்.

அனுப்பாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. குலத்தின் மற்றொரு பெரும் புனிதப் பொருளாகிய வெள்ளைக் காட்டெருமைத் தோலை அதன் காவலர் கொடுக்க இசையவில்லை. 1898இல் அது களவு போயிற்று. கைமாறி விலைக்கு விற்கப்பட்டு, முடிவில் நியூயார்க்கில் ஒரு காட்சிசாலையை அடைந்தது.

1911ஆம் ஆண்டு ‘ஓமஹா குலம்’ என்னும் பெருநூல் வெளிவந்தது. 600 பக்கங்களுக்கு மேற்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டு உழைப்பு. ஸ்மித்ஸோனியன் ஸ்தாபனத்தைச் சார்ந்த இனவியல் இலாகாவின் 27ஆம் ஆண்டறிக்கையாக அச்சிட்டனர். இம்முறை முகப்பில் இருவர் பெயரும் சேர்ந்து நின்றன: ஆலிஸ் பிளெட்சர், ஓமஹா குலத்தவராகிய பிரான்ஸிஸ் லா பிளெஷ். ‘உதவியுடன்’ என்ற சொல் நீங்கப் பதினெட்டு ஆண்டுகள் சென்றன. அதற்கு முந்திய ஆண்டிலேயே, 1910இல், குமாஸ்தா மேஜையை விட்டு அதே இனவியல் இலாகாவுக்கு மாற்றம் பெற்று, முழுநேர ஆராய்ச்சியாளரானார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

அங்கே அவர் எடுத்துக்கொண்டது ஓஸேஜ் குலத்தின் சடங்குகள். ஒக்லஹோமாவில் வாழும் ஓஸேஜ் மக்களின் பாஷை ஓமஹா பாஷைக்குத் தங்கை. ஆதலின் மொழிபெயர்ப்பாளர் துணையின்றி முதியோரோடு நேரே உரையாட இயன்றது. அக்குலத்தில் 24 கிளைகள். ஒவ்வொரு கிளைக்கும் சொந்தமாக ‘விகியே’ எனப்படும் நீண்ட பாராயணங்கள் உண்டு. நூற்றுக்கணக்கான அடிகள் கொண்டவையும் உண்டு. பெரும் சடங்கில் எல்லாக் கிளையாரும் ஒரே வேளையில் தத்தம் பாராயணத்தை ஓதுவர். அயலான் காதுக்கு அது சந்தைக் கூச்சல். உள்ளிருப்பவனுக்கோ ஒவ்வொன்றும் தனியே கேட்கும். பாட்டின் வரிசை தவறாதிருக்கக் கீறலிட்ட எண்ணுகோல்களை வைத்திருந்தனர். ஒரு கிளையின் பாராயணத்தை மற்றொரு கிளையான் சொல்லலாகாது. உரிய காணிக்கை இன்றி யாரும் சொல்லார். எனவே ஒவ்வொரு முதியவரையும் தனித்தனியே தேடிப் பிடிக்கவேண்டியிருந்தது. அவர்களும் வேகமாய் மறைந்துகொண்டிருந்தனர். இளைஞர் பெயோட்டி என்னும் மூலிகையைச் சார்ந்த புதிய வழிபாட்டில் ஈடுபட்டுப் பழைய சடங்குகளைக் கைவிட்டனர். அந்த வழிபாட்டைத் தடைசெய்ய 1918இல் ஒரு மசோதா வந்தபோது, மதுவை அது விலக்குகிறது என்று கூறி மசோதாவுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களுள் பிரான்ஸிஸும் ஒருவர். தாம் தேடிய பழமையை அந்தப் புதுமையே அழிப்பதைக் கண்டும் அதற்காகச் சாட்சி சொன்ன பெருந்தன்மை எளியதன்று.

‘துடுக்குக் கன்று’ என்று பொருள்படும் பெயருடைய ஓஸேஜ் முதியவர் ஒருவர், 1910இல் வாஷிங்டன் வரையில் வந்து தாம் காத்துவந்த சடங்கைச் சொல்லிக்கொடுத்தார். 1912இல் அவர் இறந்தார். இவ்வாறு முதியோர் ஒவ்வொருவராய் மறைந்ததனால் பலபோது அவர்கள் வாயிற் கேட்டதே கடைசிக் கேள்வி ஆயிற்று.

‘ஓஸேஜ் குலம்’ என்ற தலைப்பில் நான்கு பகுதிகள் 1921, 1925, 1928, 1930 ஆகிய ஆண்டுகளில் வந்தன. ஒவ்வொரு பாராயணத்தையும் ஓஸேஜ் பாஷையிலேயே முழுதும் அச்சிட்டு மொழிபெயர்ப்பும் தந்திருக்கிறார். மூலத்தைக் கொடாமல் சாரத்தை மாத்திரம் கொடுப்பது அக்கால வழக்கம். அதை அவர் ஏற்கவில்லை. படிக்க இனியவை என்று இந்நூல்களைச் சொல்ல மாட்டேன். ஒரே அடி நூறு முறை திரும்ப வரும். சடங்கில் அவ்வாறு வருவதால் நூலிலும் அவ்வாறே நிற்கிறது. பழங்குடிகளின் எண்ணங்களைக் குழந்தைப் பேச்சாக எழுதிவந்தவர்களுக்கு, அவர் முன்னோர் விண்ணையும் மண்ணையும் பல தலைமுறை நோக்கிச் சிந்தித்தே இம்முறைகளை வகுத்தனர் என்று காட்டுவது அவர் நோக்கம். எழுத்தில் வெள்ளையரை நிந்தித்ததில்லை. மூலத்தை முன்வைத்ததே அவருடைய பதில்.

ஆலிஸ் அம்மையார் 1923இல் காலமானார். 1926இல் நெப்ராஸ்கா சர்வகலாசாலை பிரான்ஸிஸுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1932ஆம் ஆண்டு செப்டம்பர் 5ந் தேதி அவர் நெப்ராஸ்காவில் இறந்தார். அதே ஆண்டில் அவர் தொகுத்த ஓஸேஜ் அகராதி வெளியாயிற்று. யுத்தச் சடங்கும் சமாதானச் சடங்கும் பற்றிய நூல் 1939இல் வந்தது.

மெழுகு உருளைகள் வாஷிங்டன் நகரத்துக் காங்கிரஸ் நூலகத்தில் நெடுங்காலம் கிடந்தன. அவற்றை நாடாவில் மாற்றி, 1983ஆம் ஆண்டு நூலகத்தார் மேஸி என்னும் ஊரில் நடக்கும் ஓமஹா மக்களின் கோடைத் திருவிழாவுக்குக் கொண்டுவந்தனர். பொறுக்கி எடுத்த பாட்டுக்கள் 1985இல் இசைத்தட்டாகவும் வெளிவந்தன. கீறலும் இரைச்சலும் கலந்த ஒலிதான். ஆயினும் கேட்டவர்களிற் சிலருக்கு அது தங்கள் பாட்டனார் காலத்துக் குரல்.

1988இல் குலத்துச் சரித்திர ஆராய்ச்சியாளர் டென்னிஸ் ஹேஸ்டிங்ஸ் முதலியோர் பீபாடி காட்சிசாலைக்குச் சென்று, நூறு ஆண்டுகள் அங்கே தங்கியிருந்த முதியவரைக் கண்டனர். மறு ஆண்டு, 1989 ஜூலை மாதம், உமோன்ஹோன்தி மேஸிக்குத் திரும்பி வந்தது. வெள்ளைக் காட்டெருமைத் தோல் 1991இல் வந்துசேர்ந்தது. அவற்றுக்குரிய பழைய பாட்டும் முறையும் யாவை என்று தேடியபோது மக்கள் எடுத்துப் பார்த்தது 1911ஆம் ஆண்டு நூலைத்தான்.